தூக்கணங்காய் சாகுபடி

ஒரு காட்டில், அது காடா இல்லையா என்று அரசிதழில் இன்னும் முடிவாகாத காலத்தில், பொன்னுரங்கம் என்ற தூக்கணாங்குருவி ஒருவன் இருந்தான். ஆனி பிறந்துவிட்டால் அவன் தலையும் நெஞ்சும் மஞ்சளாகிவிடும். அவர்கள் இனத்தில் ஆண்பிள்ளை மஞ்சளானால் கல்யாணத்துக்குத் தயார் என்று பொருள். பொன்னுரங்கம் மூன்று வருடமாக மஞ்சளாகிக்கொண்டிருந்தான். கல்யாணம் மட்டும் ஆகவில்லை.

அவர்கள் வழக்கம் அப்படி. மாப்பிள்ளை முதலில் பாதிக் கூடு கட்ட வேண்டும். பெண் வந்து பார்ப்பாள். கூட்டின் நாரைப் பிடித்து இழுப்பாள், உள்ளே உட்கார்ந்து ஆட்டிப் பார்ப்பாள். பிடித்திருந்தால் மீதிக் கூடு, கல்யாணம் எல்லாம். பிடிக்காவிட்டால் பறந்துவிடுவாள், காரணம் சொல்ல மாட்டாள். முதல் வருடம் வந்த பெண் இழுத்த இழுப்பில் கூடு அவள் அலகோடு போய்விட்டது. இரண்டாம் வருடம் வந்தவள் உள்ளே போய் ஒரு தூக்கம் போட்டு எழுந்து, பக்கத்து மரத்துக்காரனைக் கட்டிக்கொண்டாள்.

இந்த வருடம் பொன்னுரங்கம் விடுவதாக இல்லை. குளத்தங்கரைப் பனைமரத்தில், ஓலை நுனியில், கோரைப்புல்லைக் கிழித்துக் கிழித்து நெருக்கமாகப் பின்னினான். ஐந்நூறு நடையாவது பறந்திருப்பான். செல்லக்கிளி என்ற பெண் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாள். பெயர்தான் கிளி, ஆள் தூக்கணாங்குருவிதான். அவள் அப்பாவுக்குக் கிளிகள் மேல் ஒரு மயக்கம். அவள் நாரை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

"உள்ள களிமண் பூசுவீங்களா?" என்று கேட்டாள்.

"பூசுவேன்."

"வெள்ளிக்கிழமை வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது. அந்த ஏழு நாளுக்குள்தான் காட்டுக்கு ஒரு கொள்கை வந்து சேர்ந்தது.

பக்கத்துக் காட்டில் நடந்த மாநாடு ஒன்றுக்குச் சிங்கராஜா போயிருந்தார். நான்கு நாள், நல்ல சாப்பாடு. திரும்பும்போது 'நீடித்த நிலையான வளர்ச்சி' என்ற சொல்லையும், சுருட்டிய வரைபடம் ஒன்றையும் கொண்டுவந்தார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று யானையார் கேட்டார்.

"வளர வேண்டும். ஆனால் வளர்ந்தது தெரியக் கூடாது" என்றார் ராஜா.

யானையார் தன் உடம்பை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, கவலையோடு போய்விட்டார்.

வரைபடத்தின் பெயர் தேசிய நிலப் பயன்பாட்டுக் கொள்கை. அதன்படி காட்டில் ஒவ்வோர் அடி நிலமும் ஏதாவது ஒரு நிறத்தில் இருந்தாக வேண்டும். பச்சை என்றால் காடு. நீலம் என்றால் நீர்நிலை. பழுப்பு என்றால் விவசாயம். மஞ்சள் என்றால் குடியிருப்பு. விவசாயம் இங்கே யார் செய்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்துக் காட்டு வரைபடத்தில் பழுப்பு இருந்தது, அதனால் இதிலும் வேண்டும். குடியிருப்புக்கு மொட்டைப்பாறையை ஒதுக்கினார்கள். அங்கே புல்கூட முளைக்காது என்பதால் நிலம் எதுவும் வீணாகாது. காட்டில் உள்ள அத்தனை பேரும் அங்கேதான் குடியேற வேண்டும். மான் குடும்பத்துக்குப் பதினாறாம் எண் மனை கிடைத்தது. பதினேழாம் எண் சிறுத்தைக்கு. மான் வீட்டம்மா ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு, "அக்கம்பக்கம் நல்லவங்கதான். ஆனா ரொம்ப நெருங்கிப் பழகுறாங்க" என்று திரும்பி வந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை பனைமரத்தடிக்கு உடும்பு ஒருவர் வந்தார். ஆண்டியப்பன் என்று பெயர், மண்டல அலுவலர் பதவி. கழுத்தில் அளவுநாடா, கையில் பசைக் கிண்ணம். அவரிடம் கெட்ட எண்ணம் என்று ஒன்றும் கிடையாது. வரைபடத்தில் எப்படி இருக்கிறதோ அப்படிப் பூமி இருந்துவிட்டால் போதும் என்று நினைப்பவர், அவ்வளவுதான். மரத்தில் ஏறிக் கூட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இது என்னப்பா கட்டடம்?"

"கூடு சார். பாதிதான் முடிஞ்சிருக்கு."

"இந்த மரம் விவசாய மண்டலத்துல வருது. இங்க யாரும் குடியிருக்கக் கூடாது. மொட்டைப்பாறைக்குப் போ."

"அங்க மரமே இல்லையே சார். எதுல தொங்கவிடுறது?"

"மரம் இருந்தா அது பச்சை மண்டலம் ஆயிடும். அப்புறம் எப்படிக் குடியிருப்பா இருக்கும்?"

பொன்னுரங்கம் யோசித்துப் பார்த்தான். அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. தப்பு இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

உடும்பு நாடாவை நீட்டினார். அந்த நேரம் பார்த்துக் காற்றடித்தது. கூடு குளத்துப் பக்கமாக ஒரு முழம் போய்த் திரும்பி வந்தது. உடும்பும் நாடாவோடு ஒரு முழம் போய்த் திரும்பி வந்தார். வந்ததும் குறிப்பேட்டைத் திறந்தார்.

"காத்து இல்லாதப்போ, விவசாய நிலத்துல அனுமதியில்லாத கட்டடம். காத்தடிச்சா நீர்நிலை ஆக்கிரமிப்பு" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "ஒரே கூட்டுல ரெண்டு குற்றம். என் சர்வீஸ்ல இது முதல் தடவை."

கூட்டின் முன்பக்கம் நோட்டீஸ் ஒன்றை ஒட்டினார். இருபத்தொரு நாளுக்குள் அகற்றாவிட்டால் இடிக்கப்படும் என்று அதில் இருந்தது.

திங்கட்கிழமை பொன்னுரங்கம் மண்டல அலுவலகத்துக்குப் போனான். அலுவலகம் ஒரு புளியமரப் பொந்தில் இருந்தது. வெளியே காடே வரிசையில் நின்றது. வரிசைக்குப் பக்கத்தில் சீரங்கன் என்ற முள்ளம்பன்றி உட்கார்ந்து எல்லாருக்கும் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, மையில் தொட்டு எழுதுவார். கொள்கை வந்த மூன்றே நாளில் அவருக்குப் பாதி முதுகு வழுக்கையாகிவிட்டது.

"தம்பி, உனக்கு ஏழாம் நம்பர் படிவம்" என்று எழுதிக் கொடுத்தார். "தைரியமா போ. ஆனா ரொம்பப் பேசாதே."

உள்ளே ஆண்டியப்பன் சார் படிவத்தை வரி வரியாகப் படித்தார்.

"தரைத்தளம் எத்தனை சதுர அடி?"

"தரைத்தளம் இல்லைங்க சார். தொங்குதுங்க."

"தரைத்தளம் இல்லாம முதல் மாடிக்கு அனுமதி குடுக்க முடியாது. சரி, வாசல் எந்தத் திசை?"

"கீழே சார்."

"கிழக்கா?"

"கீழே. அடியில."

உடும்பு படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கீழேன்னு ஒரு திசை இதுல இல்லையேப்பா. மழைநீர் சேகரிப்பு எங்க?"

"மழை உள்ள வராமத்தான் சார் கட்டியிருக்கேன்."

"அப்போ மழைக்கு எதிராக் கட்டியிருக்கே" என்றார் உடும்பு, வருத்தத்தோடு. நிராகரிக்கப்பட்டது என்ற முத்திரையை எடுத்து மெதுவாகக் குத்தினார். குத்தும்போது பொன்னுரங்கத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று நாள் பொன்னுரங்கம் ஒன்றும் செய்யவில்லை. கூட்டின் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டீஸையே பார்த்துக்கொண்டிருந்தான். கிழித்துவிடலாம் என்று ஒரு தடவை அலகை வைத்தான். கிழித்தால் அதற்குத் தனிக் குற்றம் என்று நோட்டீஸின் கடைசி வரியில் போட்டிருந்தது. அலகை எடுத்துவிட்டான். கடைசியில், இடிக்கப்போகிற கூடாக இருந்தாலும் சொன்ன வாக்கு வாக்குதானே என்று, குளத்திலிருந்து களிமண் கொண்டுவந்து உள்ளே பூசினான். பூசும்போது அழுகை வந்தது. களிமண் குழைப்பதற்குத் தண்ணீர் தனியாகத் தேவைப்படவில்லை.

சொன்னபடி வெள்ளிக்கிழமை செல்லக்கிளி வந்தாள். உள்ளே போனாள், வெளியே வந்தாள். நோட்டீஸின் முன்னால் நின்றாள்.

"இது என்னங்க?"

"அலங்காரம்" என்றான் பொன்னுரங்கம்.

"இடிக்கப்படும்னு எழுதியிருக்கே."

அவன், இந்த வருடமும் போயிற்று என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். செல்லக்கிளி நோட்டீஸை இன்னும் ஒரு தடவை, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள்.

"பதினோரு கூடு பாத்துட்டு வரேன்" என்றாள். "பதினொண்ணுலயும் இதே நோட்டீஸ்தான். எல்லாத்துலயும் சுருங்கிக் கோணலா இருக்கு. உங்க கூட்டுலதான் மடிப்பு இல்லாம ஒட்டியிருக்கு. பின்னல் அவ்வளவு நெருக்கம். மீதியையும் கட்டுங்க."

பொன்னுரங்கம் உடனே கோரைப்புல்லுக்குப் பறந்தான். அன்றைக்கே மீதிக் கூட்டைக் கட்ட ஆரம்பித்தான். நோட்டீஸை மட்டும் விட்டுவிட்டு அதைச் சுற்றிப் பின்னினான். பத்தாம் நாள் கல்யாணம் முடிந்தது. இருபதாம் நாள் கூட்டுக்குள் மூன்று முட்டை இருந்தது. இருபத்தொன்றாம் நாள் உடும்பு வருவார்.

அந்த இருபதாம் நாள் மத்தியானம் முள்ளம்பன்றி சீரங்கன் ஒரு புத்தகத்தோடு பனைமரத்தடிக்கு வந்தார். கொள்கையின் விதிகள் முழுவதும் அதில் இருந்தன. பொன்னுரங்கத்தின் மனு நிராகரிக்கப்பட்டது அவருக்கு ஒரு மானப் பிரச்சினையாகிவிட்டது. கீழே நின்று அண்ணாந்து, ஒவ்வொரு விதியாகச் சத்தம் போட்டுப் படித்தார். செல்லக்கிளி அடைகாத்துக்கொண்டே, கூட்டின் அடிவாசல் வழியாகத் தலையை மட்டும் கீழே நீட்டிக் கேட்டாள்.

"விவசாய மண்டலத்தில் கட்டடம் கூடாது. குடிசை கூடாது. குகை கூடாது. பொந்து கூடாது" என்று படித்துக்கொண்டே போனார். "விவசாய மண்டலத்தில் மரத்திலிருந்து தொங்குவதற்கு அனுமதிக்கப்பட்டவை: காய், கனி, குலை."

"அண்ணே, நிறுத்துங்க" என்றாள் செல்லக்கிளி. "அப்போ இது காய்னு எழுதுங்க."

"எது?"

"நாங்க இருக்கிறது."

சீரங்கன் புத்தகத்தை மூடினார். கூட்டை அண்ணாந்து பார்த்தார். மேலே காம்பு மாதிரி ஒல்லி, நடுவில் குண்டு, பச்சை நிறம், காற்றில் ஆடுகிறது. முதுகில் மிச்சமிருந்ததில் நல்ல முள்ளாகப் பார்த்து ஒன்றைப் பிடுங்கினார்.

மறுநாள் உடும்பு இடிகோலோடு வந்தபோது பொன்னுரங்கம் விண்ணப்பத்தை நீட்டினான். பயிரின் பெயர், தூக்கணங்காய். வகை, நார்க்காய். பருவம், ஆனி முதல் ஐப்பசி வரை. உடும்பு அதைப் படித்தார், கூட்டைப் பார்த்தார், திரும்பவும் படித்தார்.

"விதை இருக்கா?"

"மூணு இருக்கு சார்."

உடும்பு அடிவாசல் வழியாக எட்டிப் பார்த்தார். மூன்று வெள்ளை முட்டை தெரிந்தது, மேலே செல்லக்கிளி இருந்தாள்.

"விதைக்கு மேல ஏதோ உட்கார்ந்திருக்கு."

"பருப்பு சார்" என்றான் பொன்னுரங்கம்.

ஆண்டியப்பன் சார் நெடுமூச்சு விட்டார். இந்த மூன்று வாரத்தில் முந்நூறு நோட்டீஸ் ஒட்டியிருந்தார். ஒரு கட்டடத்தைக்கூட இடிக்கவில்லை, ஏனென்றால் இருக்கிற ஒரே ஆள் அவர்தான். வரைபடமும் பூமியும் ஒத்துப்போகிற இடம் ஒன்றாவது கண்ணில் படாதா என்று ஏங்கிப் போயிருந்தார். முத்திரையை எடுத்து ஆசை தீரக் குத்தினார். "நல்லாக் காய்ச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

இத்தோடு முடிந்தது என்று பொன்னுரங்கம் நினைத்தான். ஆனால் காய் என்று பதிவானால் அது வேளாண் துறையின் பட்டியலுக்குப் போய்விடும் என்பது அவனுக்குத் தெரியாது. குஞ்சு பொரித்துப் பத்து நாள் ஆனபோது, ஒரு சாயங்காலம், பழந்தின்னி வௌவால் ஒருவர் வந்து பக்கத்து ஓலையில் தலைகீழாகத் தொங்கினார். வேளாண் ஆய்வாளர். காய்கள் பழுத்துவிட்டனவா என்று பார்த்து, பழுத்ததைப் பறிக்க உத்தரவு போடுவது அவர் வேலை. கோப்பையும் தலைகீழாகத்தான் படிப்பார்.

"தூக்கணங்காய், ஒண்ணு" என்று படித்தார். "விதைச்சு மாசமாகுது. பழுத்திருக்கணுமே."

அந்த நேரம் குஞ்சுகள் மூன்றும் பசியில் கத்த ஆரம்பித்தன.

"காய் கத்துதே" என்றார் வௌவால்.

பொன்னுரங்கம் முந்திக்கொண்டான். "பழுக்காததாலதான் சார் கத்துது. பழுத்துட்டா அமைதியாயிடும்."

"நான் முப்பது வருஷமா பழம் தின்கிறேன். கத்துற காயைப் பாத்ததில்லை."

"புது ரகம் சார்."

வௌவால் மூக்கை வைத்து முகர்ந்தார். விரலால் அமுக்கினார். முகத்தில் சந்தேகம் போகவில்லை. "கடிச்சுப் பாத்தாத்தான் தெரியும்" என்று வாயைத் திறந்து கூட்டின் அடிவாசலுக்கு நேராகக் கொண்டுபோனார். பொன்னுரங்கம் கண்ணை மூடிக்கொண்டான். உள்ளேயிருந்து செல்லக்கிளி ஒரே கொத்து, மூக்கின் நடு நுனியில்.

வௌவாலின் கண்ணிலிருந்து நீர் நெற்றி வழியாகக் கீழே வழிந்தது. பிறகு கோப்பை எடுத்து எழுதினார். "முள் உள்ள ரகம். இன்னும் காய்ப்பதம். இப்போதைக்குப் பறிக்க வேண்டாம்."

குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்தது. ஒரு காலை மூன்றும் பறந்து போய்விட்டன. அடுத்த ஆய்வுக்கு வந்த ஆண்டியப்பன் சார், விதை எங்கே என்று கேட்டார். காய்க்குள் இருந்த விதை காணாமல் போனால் அதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பொன்னுரங்கம் வானத்தைக் காட்டினான். உடும்பு ரொம்ப நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, 'விதை பரவல், மூன்று' என்று எழுதினார். மேலிடத்தில் அதைப் பார்த்தவர்கள் மூன்று விதை என்றால் மூன்று மரம் என்று எடுத்துக்கொண்டார்கள். சிங்கராஜாவுக்குக் கொண்டுபோனபோது அது புதிய தோப்பு ஒன்றாக இருந்தது.

விஷயம் காடு முழுக்கப் பரவியது. முள்ளம்பன்றி சீரங்கன் இரவும் பகலும் எழுதினார். முயல் வளை சர்க்கரைவள்ளிக் கிழங்காயிற்று. கறையான் புற்று காளானாயிற்று. கரடியார் தன் குகையைப் பலாப்பழம் என்று எழுதிக் கொடுத்தார், ஈ மொய்ப்பதைச் சாட்சியாகக் காட்டினார். சிறுத்தை தன்னையே ஒரு கொடி என்று பதிந்துகொண்டார். கிளையில் படுத்துக்கொண்டு வாலைத் தொங்கவிட்டிருந்ததால் யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்கிற தைரியமும் இல்லை. மான் வீட்டம்மா மட்டும் அந்தக் கொடியின் பக்கம் மேய்வதில்லை என்று வைத்துக்கொண்டார்.

வருடக் கடைசியில் கணக்கெடுப்பு நடந்தது. காட்டில் விளைச்சல், சொல்ல முடியாத அளவு. மொட்டைப்பாறைக் குடியிருப்பில் நெரிசல் அறவே இல்லை. மக்கள்தொகை, ஒன்று. அது சிங்கராஜா. மற்றவர்கள் எல்லாரும் மகசூலில் வந்துவிட்டார்கள். தலைக்கு இவ்வளவு விளைச்சல் எந்தக் காட்டிலும் இல்லை என்று மாநாட்டில் ராஜாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ராஜா திரும்பி வந்து தன் மக்களுக்கு நன்றி சொல்ல நினைத்தார். பட்டியலைப் பார்த்துவிட்டுத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இதற்கிடையில் குளத்தில் வேலை தொடங்கியது. வரைபடத்தில் குளம் சதுரமாக இருந்தது. நிஜத்தில் வட்டம். யானைகளை விட்டு நான்கு மூலையும் வெட்டச் சொன்னார்கள். ஒரு மூலை நேராகப் பனைமரத்தின் வேருக்கு வந்தது. இரண்டாம் நாள் மரம் சாய ஆரம்பித்தது. பொன்னுரங்கம் அலுவலகத்துக்குப் பறந்தான். வரிசையில் நின்று உள்ளே போய், சார், மரம் விழப்போகுது, வேலையை நிறுத்தச் சொல்லுங்க என்று மனுவை நீட்டினான்.

ஆண்டியப்பன் சார் கையை நீட்டவில்லை. பட்டியலைத் திறந்து பெயரைத் தேடினார்.

"உன் பேரு காய்ல வருதேப்பா. காய் மனுக் குடுக்க முடியாது."

"பேசக்கூட முடியாதுங்களா சார்?"

"இப்போ பேசுறதையே நான் கேட்கலை" என்றார் உடும்பு, அன்பாகத்தான். பிறகு ஏதோ நினைவு வந்து வரைபடத்தை விரித்தார். அளவுகோலை வைத்துப் பார்த்தார். "இன்னொரு சிக்கல் இருக்கு. மரம் சாஞ்சதுல உன் இடம் இப்போ முழுசா நீல மண்டலத்துக்குள்ள போயிடுச்சு. அங்க காய் தொங்கக் கூடாது. மீனுக்கு மட்டும்தான் அனுமதி. ஏழு நாள் தரேன்."

வெளியே சீரங்கன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முதுகைத் தடவி, இருந்த கடைசி முள்ளைப் பிடுங்கினார்.

பொன்னுரங்கம் வீடு திரும்பினான். சாய்ந்த பனையிலிருந்து கூடு தண்ணீருக்கு ஒரு முழம் மேலே ஆடிக்கொண்டிருந்தது. செல்லக்கிளி வாசலில் தலையை நீட்டி, என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். அவன் அவளை மேலும் கீழுமாக ஒரு தடவை பார்த்தான்.

"தண்ணிக்குள்ள உன்னால எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்க முடியும்?" என்றான்.

செல்லக்கிளி கொஞ்சம் யோசித்தாள். "ஏன், படிவத்துல அதைக் கேட்பாங்களா?" என்றாள்.

நீதி: வீடு என்றால் இடிப்பார்கள், காய் என்றால் எண்ணுவார்கள், மீன் என்றால் என்ன செய்வார்கள் என்று விதிப் புத்தகத்தில் இன்னும் அச்சாகவில்லை. அதுவரை வாயைத் திறக்காமல் தொங்கிக்கொண்டிருப்பதற்குப் பெயர்தான் நிலையான வளர்ச்சி.